மில்லில் ஒரு சி.ஆர். கொப்பி: வேலை இடத்துப் பிரச்சினையை எழுதி வைத்துத் திருத்துவது பற்றி உங்கள் அனுபவம் என்ன?

நெல்மூட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓர் அரிசி மில்லில் ஸ்டோர் பார்க்கிறேன், பதினொரு வருடமாக. மில்லின் பெயரைக் கேட்காதீர்கள், அது இங்கே முக்கியமில்லை.

போன பெரும்போக அறுவடையின்போது, மாசி மாதம், நெல் லொறிகள் வாசலில் இருந்து பெரிய ரோட்டு வரைக்கும் வரிசையில் நின்ற ஒரு நாளில், நெல்லை வாளிகளில் மேலே ஏற்றுகிற எங்கள் எலிவேட்டரின் மோட்டர் பெல்ட்டில் ஒரு தம்பியின் கை மாட்டி, வலது நடுவிரல் முதல் கணு வரைக்கும் போய்விட்டது. பெல்ட்டை மூடுகிற இரும்புக் கூடு அந்த நேரம் எங்கே இருந்தது தெரியுமா? நாலு அடி தள்ளிச் சுவரில் சாத்திக் கிடந்தது.

என்னை இன்னும் உறங்க விடாத விஷயம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் இன்னொருவரின் சேர்ட் கை மாட்டியது. துணி கிழிந்து கொடுத்ததால் கை தப்பியது. அன்றைக்கு எல்லோரும் கூடி நின்று சத்தம் போட்டோம், "கூட்டைப் போடுங்கள்" என்றோம், போட்டார்கள். ஒரு கிழமை போகவில்லை, கூடு திரும்பவும் சுவருக்கு வந்துவிட்டது. யார் கழற்றியது, ஏன் கழற்றியது, முதலாளிக்குச் சொன்னோமா, ஒன்றும் ஒரு துண்டுக் கடதாசியில் கூட இல்லை. நானே மறந்துவிட்டேன். அந்தத் தம்பியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்கு அடுத்த நாள் ஒரு சி.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் கொப்பி, வாங்கிக் கோடு போட்டேன். திகதி, நேரம், இடம், என்ன கண்டது, யாருக்குச் சொன்னது, என்ன செய்தது. இரண்டு மாதத்தில் பத்தொன்பது வரி எழுதியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எழுதியிருக்கிறேனே தவிர பெரிதாக ஒன்றும் திருந்தவில்லை. கடைசிப் பெட்டியில் "சொல்லியாச்சு", "சொல்லியாச்சு" என்றுதான் இருக்கிறது. வேறு இடங்களில் வேலை செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஆஸ்பத்திரி, ஹோட்டல், தையல் பெக்டரி, எதுவென்றாலும் சொல்லுங்கள்.


படுவான்கரை எழுதியது:

அண்ணன், உங்கள் மனது விளங்குகிறது. ஆனால் நீங்கள் மாதச் சம்பளக்காரர், எங்களைப் போல நாட்கூலிக்காரனுக்கு இது வேறு மாதிரி. போன வருடம் ஒரு கட்டட வேலையில் சாரத்துப் பலகை உளுத்துப்போய்க் கிடந்தது, நான் போனில் படம் எடுத்து மேசன் பாஸுக்குக் காட்டினேன். பலகையை மாற்றினார்கள், அது சரி. அடுத்த திங்கள் விடியற்காலை பஸ் ஏறி மண்முனைப் பாலம் தாண்டிப் போய் நிற்கிறேன், "இன்றைக்கு ஆள் போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற நாலு பேரும் வேலைக்குப் போனார்கள். எழுதி வைக்கிறவனுக்குக் காட்டிக்கொடுக்கிறவன் என்ற பெயர்தான் கிடைக்கும். கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.


கல்லடிப்பாலம் எழுதியது:

நெல்மூட்டை அண்ணன், நான் மட்டக்களப்பில் தாதியாக இருக்கிறேன், பதினாறு வருடச் சேவை. உங்கள் கொப்பியில் ஒரு பெட்டி குறைகிறது, இன்னொரு பெட்டியை ஒருநாளும் சேர்க்கவே கூடாது. படுவான்கரைத் தம்பி சொன்னதற்கும் அதில்தான் பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னர் நான் இருந்த வார்ட்டில் தவறு நடந்தால் எழுதுகிற புத்தகத்தில் இரண்டாவது பெட்டியே "செய்தவர் பெயர்". அந்தப் பெட்டி இருந்த காலம் முழுக்க வருடத்துக்கு மூன்று, நாலு வரிதான் விழும். தவறு நடக்கவில்லையா? நடந்தது. எழுதினால் சிஸ்டர் கூப்பிடுவார், மேட்ரன் கூப்பிடுவார், விளக்கக் கடிதம் கேட்பார்கள், பிறகு யார் எழுதுவார்? புதிதாக வந்த பொறுப்புச் சிஸ்டர் ஒருவர் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு "நடக்கவிருந்து தப்பியது" என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். அந்த மாதமே எட்டு வரி விழுந்தது.

அந்த எட்டில் ஒன்றைச் சொல்கிறேன். பொட்டாசியம் குளோரைட் செறிவுக் குப்பி, தண்ணீர் கலக்காமல் நேரே நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும், உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் பயப்படுகிற மருந்து அது. அந்த நேரம் வந்த சரக்கில் அதன் குப்பியும் சாதாரண ஊசித்தண்ணீர்க் குப்பியும் ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து. இரவு இரண்டு மணிக்கு ஒரு தங்கச்சி தவறான குப்பியை எடுத்து, உடைக்க முன்னர் லேபிளை வாசித்ததால் கண்டுபிடித்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய புத்தகம் என்றால் இது எழுதவே படாது. எழுதியதால் என்ன நடந்தது? குப்பியை வார்ட் தட்டில் இருந்தே எடுத்து, தனிப் பெட்டியில் சிவப்பு லேபிளோடு பூட்டி வைத்தார்கள், எடுக்கும்போது இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள்.

இனிக் குறைகிற பெட்டிக்கு வருகிறேன்: "திரும்பப் பார்த்த திகதி". மூன்று மாதம் கழித்து அதே சிஸ்டர் புத்தகத்தைத் திறந்து, மூடிய வரிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். சிவப்புப் பெட்டி இருந்தது, பூட்டு இருந்தது, ஆனால் புதிய சரக்கு வேறு கம்பனியில் இருந்து வந்திருந்தது, அதில் இரண்டு அட்டைப்பெட்டி பழைய தட்டில் போய் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. சரக்கு இறக்கி வைக்கிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, அவ்வளவுதான். திரும்பப் பார்க்காமல் விட்டிருந்தால் புத்தகத்தில் அது "முடிந்தது" என்றே இருந்திருக்கும்.

உங்கள் இரும்புக் கூடும் அதே கதைதான் அண்ணன். ஒரு கிழமை கழித்து ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் சுவரில் சாத்தியிருப்பதைக் கண்டிருப்பார்.

இன்னொன்று. யார் செய்தது என்று கேட்காதீர்கள், ஏன் அப்படிச் செய்ய வேண்டி வந்தது என்று கேளுங்கள். ஒருமுறை கேட்டு விடாமல் நாலு, ஐந்து முறை கேளுங்கள். டொயோட்டாக்காரர் பழக்கிய முறை அது, இப்போது ஆஸ்பத்திரிகளிலும் சொல்லித் தருகிறார்கள்.


நெல்மூட்டை எழுதியது:

மிஸ், நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நேற்று வேலை முடிந்த பிறகு அந்த எலிவேட்டர் அடியில் மூன்று பேரை இருத்தி, ரீ ஊற்றிக் கொடுத்து, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். பெயர் எதுவும் எழுதமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். என்ன வந்தது பாருங்கள்.

கை ஏன் போனது? பெல்ட் வழுக்கியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் தள்ளி ஏற்றப் பார்த்தான். ஏன் மோட்டரை நிற்பாட்டவில்லை? நெல்லோடு நிற்பாட்டினால் வாளிகளில் உள்ள நெல் எல்லாம் அடியில் கொட்டி அடைத்துவிடும், திரும்ப ஓட வைக்க அடிப்பெட்டியைக் கையால் தோண்டிக் காலி பண்ண வேண்டும், அரை மணித்தியாலம் போகும், வெளியே லொறிக்காரர் கத்துவார்கள். சரி, பெல்ட் ஏன் வழுக்கியது? மோட்டர் அடித்தளம் நகர்ந்து பெல்ட் தொய்ந்துவிடும். ஒவ்வொரு நாளும்? ஆமாம், பெரும்போக நேரம் ஒரு நாளைக்கு இரண்டு தரம். ஏன் நகர்கிறது? போல்ட் புரி தேய்ந்துபோய்விட்டது, இறுக்கினாலும் நிற்காது. ஏன் மாற்றவில்லை? மெக்கானிக் மிஷின் நின்றால்தான் வருவார், இது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

கூடு ஏன் சுவரில் இருந்தது என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஆறு நட்டுக் கழற்றிப் பூட்ட எவனுக்கு நேரம்?

பதினொரு வருடமாக அந்த மிஷினைக் கடந்து போகிறேன், எனக்கு இது தெரியாது. "கூட்டைப் போடுங்கள்" என்று சத்தம் போட்டதில் நாங்கள் ஒன்றையும் திருத்தவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் போல்ட் இருக்கும் வரைக்கும் கூடு சுவருக்குத்தான் போகும்.


பாசிக்குடா அலை எழுதியது:

நல்ல இழை. நான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ். எங்களிடம் சிப்ட் மாறும்போது கையளிக்கிற லொக் புத்தகம் இருக்கிறது, இரவு ஆள் எழுதி வைப்பதைக் காலை ஆள் வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்களும் இருந்தார்கள், அதனால் இப்போது காலை ஆள் வாசித்ததில் ஒன்றைப் போய்ப் பார்த்து அதன் கீழே தன் கையால் எழுத வேண்டும். அந்தச் சின்ன மாற்றம் பெரிய வித்தியாசம்.

என் கதை நீச்சல் குள மருந்து. குளோரின் தூளும் அமிலமும் ஒரே ரூமில் ஒரே இறாக்கையில் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலை எரிக்கிற விஷவாயு, மூடிய ரூம் என்றால் ஆளை அடித்துவிடும். எழுதினேன், மெனேஜர் அன்றைக்கே அமிலத்தை வேறு ரூமுக்கு மாற்றினார். ஆறு மாதத்தில் புதுப் பையன் வந்தான், இடம் இல்லையென்று திரும்பவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். கல்லடிப்பாலம் அக்கா சொன்ன அதே சம்பவம். பிறகு இரண்டு ரூம் கதவிலும் தமிழிலும் சிங்களத்திலும் பெயின்டால் எழுதினோம், குளோரின் ரூமில் அமிலக் கேன் நிற்கவே முடியாதபடி இறாக்கையின் இடைவெளியைக் குறுக்கினோம். கேன் உயரம் தட்டுக்குள் போகாது. இதுவரை மாறவில்லை.

புதிதாக வருகிற ஆளுக்கு வாயால் சொல்லிக் கொடுத்ததை நம்பாதீர்கள். பொருளே தவறான இடத்தில் நிற்க முடியாமல் செய்துவிட்டால் மறந்துபோனாலும் பரவாயில்லை.


மருதமுனைத்தறி எழுதியது:

நெல்மூட்டை காக்கா, எனது பிரச்சினை மிஷின் இல்லை, சம்பளம். ஆனால் எழுதி வைப்பது என்ற விஷயத்தில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு கடையில் மூன்று வருடம் விற்பனையில் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) என்று 8 வீதம் கழிப்பார்கள். நான் தறி வேலை செய்கிற வீட்டில் வளர்ந்தவள், எங்கள் உம்மா நூல் கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பார், அந்தப் பழக்கத்தில் நானும் ஒவ்வொரு துண்டையும் ஒரு பைலில் போட்டு வந்தேன். பிறகு கல்யாணத்துக்கு வேலையை விடும்போது கணக்கைப் பார்த்தால் பதினான்கு மாதத்துக்கு ஒரு சதமும் போகவில்லை. என்னிடம் கழித்த 8 வீதமும் போகவில்லை, அவர்கள் போட வேண்டிய 12 வீதமும் போகவில்லை, நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எப்.) அவர்கள் போட வேண்டிய 3 வீதத்தைச் சொல்லவே தேவையில்லை.

என்னோடு வேலை செய்த இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கதை, ஆனால் அவர்களிடம் துண்டு இல்லை. கிடைத்த அன்றைக்கே எறிந்துவிட்டார்கள். தொழில் அலுவலகத்துக்கு மூவரும்தான் போனோம். என் பைலை மேசையில் வைத்ததும் விஷயம் நகர ஆரம்பித்தது, அவர்களுடையதற்கு வேலைக்கு வந்த நாட்களின் வரவுப் புத்தகம், வங்கிக் கணக்கு என்று தேடித் தேடி நிறுவ வேண்டியிருந்தது. கடைசியில் மூவருக்கும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ், ஆனால் அவர்கள் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

தங்கச்சிமார் வாசிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே போய்ச் சம்பளத் துண்டைத் தேடி எடுங்கள். எழுத்து மங்கிப் போகிற கடதாசி என்றால் போனில் படமும் எடுத்து வையுங்கள். ஓ.டி. நேரத்தையும் அன்றன்றைக்கு எழுதுங்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று. மாதக் கடைசியில் ஞாபகத்தில் இருந்து எழுதினால் அது வேலைக்கு ஆகாது.


ஓய்வுக்காரர் எழுதியது:

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், கல்முனைப் பக்கம். தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. சில விஷயங்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் முறைப்பாட்டோடு வருகிறவர்களில் எத்தனையோ பேர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன்.

முதலில் மில் விஷயம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சுழலும் பாகங்களுக்கு மூடி இருக்க வேண்டும், மிஷின் ஓடும்போது அந்த மூடி அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போனாலோ, அந்த விபத்தை எழுத்தில் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. விரல் போன தம்பி மூன்று நாளுக்கு மேல் வீட்டில் இருந்திருப்பான், சந்தேகமில்லை. அறிவித்தார்களா என்று கேளுங்கள். 1934 ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் இருக்கிறது, விரல் கணு போனதற்கும் அதில் நட்டஈடு உண்டு, ஆஸ்பத்திரியில் தந்த காட் அட்டையை எறிந்துவிட வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். அனுமதித்த திகதி, வைத்தியர் எழுதியது, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடை, கந்தோர் ஊழியருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம்: சாதாரண வேலை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு. வேலையில் சேரும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் அதோடு வருகிறது. நியமனக் கடிதம் கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகள் நிறைய. கேளுங்கள்.

வேலையில் இருந்து நிறுத்தியதற்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். எத்தனை பேர் ஏழாவது மாதம் வந்து அழுதார்கள், எனக்கு அது மறக்காது.

அரசாங்கத் திணைக்களங்களில் இருப்பவர்களுக்கு: கொடுத்த முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.


குளக்கட்டு எழுதியது:

ஓய்வுக்காரர் ஐயா, ஒரு கேள்வி. நான் அம்பாறை டவுனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் திருக்கோவில், பொத்துவில் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர்கள். பாதுகாப்பு அறிவித்தல் எல்லாம் சிங்களத்தில், முறைப்பாட்டுப் படிவமும் சிங்களத்தில் தருகிறார்கள், நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார், என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் நான் வைக்கிறேன். ஒருமுறை பிறகு வேறு ஆளிடம் வாசிக்கக் கொடுத்தால், "போர்க்லிப்ட் பிறேக் பிடிக்கவில்லை" என்று நான் சொன்னது "சாரதி கவனமாக ஓட்டவில்லை" என்று இருந்தது.


ஓய்வுக்காரர் எழுதியது:

மகன், வாசிக்கத் தெரியாத ஒன்றில் இனிக் கையெழுத்து வைக்காதே. கம்பனிக்குள் உன் முறைப்பாட்டைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, அவர்கள் எழுதியதோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடு, ஒரு பிரதியை நீ வைத்துக்கொள். அரசாங்கக் கந்தோர் என்றால் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உனக்கு உரிமை இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அதை மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

உன் போர்க்லிப்ட் கதையைத்தான் நான் இந்த இழையிலேயே மோசமான விஷயமாக நினைக்கிறேன். பிறேக் பழுது என்று இருந்தால் வண்டியைத் திருத்துவார்கள். சாரதி கவனமில்லை என்று இருந்தால் சாரதியை மாற்றுவார்கள், அந்தப் பிறேக்கோடு அடுத்தவன் ஏறுவான்.


கல்லடிப்பாலம் எழுதியது:

குளக்கட்டுத் தம்பி, எழுதும்போது கண்டதை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே. "பிறேக் சரியில்லை" என்பதை விட "மிதித்த பிறகும் வண்டி இரண்டு முழம் ஓடித்தான் நின்றது, காலை 9.20, மூன்றாம் வாசல், மூட்டை ஏற்றியிருந்தது" என்று எழுதினால் ஒருவரும் அதைச் சாரதியின் கவனம் ஆக்க முடியாது. நாங்களும் "நோயாளி சோர்வாக இருந்தார்" என்று எழுதினால் ஏச்சு வாங்குவோம், நாடித்துடிப்பு எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்.

போனில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் ஆஸ்பத்திரி ஆட்கள் நோயாளியின் முகம், கட்டில் காட் எதையும் எடுத்துவிடாதீர்கள். மற்ற இடங்களிலும் கம்பனியின் கணக்குப் புத்தகம், ஆட்களின் விபரம் போன்றவற்றைப் படம் எடுத்து வெளியே கொண்டுபோகாதீர்கள், பிறகு பேச்சு அதைப் பற்றித்தான் போகும், உங்கள் பிரச்சினை கீழே போய்விடும்.


படுவான்கரை எழுதியது:

எல்லாம் வாசித்தேன். மனதுக்குப் பட்டது. ஆனாலும் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என்னிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை, நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. நான் என்ன எழுதுவது, எங்கே எழுதுவது?


ஓய்வுக்காரர் எழுதியது:

தம்பி, கடினமான கேள்வி, லேசான பதில் என்னிடம் இல்லை. ஆனால் இதைச் செய். ஒரு சின்னக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் எந்த இடம், யாருக்கு வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு கூலி தந்தார்கள் என்று எழுது. கையில் காசு தந்தாலும் எழுது. கடிதம் இல்லாவிட்டாலும் நீ அங்கே வேலை செய்தவன் என்பதைக் காட்ட அது உதவும், கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் சேர்ந்தால் இன்னும் பலம். சேமலாப நிதி நாட்கூலிக்காரருக்கும் உண்டு, "நிரந்தரம் இல்லை" என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், நம்பாதே. முறைப்பாடு கொடுக்கும்போது உன் பெயரை முதலாளிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம்.

சாரத்துப் பலகை மாதிரி விஷயம் என்றால் தனியே போகாதே. நாலு பேராகப் போங்கள், சொல்வதையும் வேலை தொடங்க முன்னர் காலையில் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னதில் ஓர் ஆளைப் பிரித்தெடுப்பது கடினம். நீ அன்றைக்குப் படம் எடுத்துக் காட்டியதால்தான் அந்தப் பலகை மாறியது. அதில் ஏறிய நாலு பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள் என்பதை நீ மறந்துவிடாதே.


நெல்மூட்டை எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், இழை இன்னும் திறந்திருப்பதில் சந்தோஷம்.

அந்த ஐந்து "ஏன்" கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். பயந்துகொண்டுதான் போனேன். கொப்பி வைத்திருப்பது அவருக்கு முதலே தெரியும், ஸ்டோர் மேசையில் திறந்தபடிதான் கிடக்கும், ஒளித்து வைத்ததில்லை. தாளை வாசித்துவிட்டு "போல்ட்டுக்கா இத்தனை பாடு" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். போகம் முடிந்து மில் ஆறிக் கிடந்த நேரம் என்பதால் நல்லதாகப் போயிற்று, லொறி நிற்கும்போது கேட்டிருந்தால் விரட்டியிருப்பார்.

செய்தது மூன்று விஷயம். மோட்டர் அடித்தளத்தை மாற்றி, பெல்ட்டை இழுத்து நிறுத்த நீளப் போல்ட் போட்டார்கள். பழைய கூட்டை வெல்டிங் கடையில் கொடுத்து முன்பக்கம் கம்பி வலைக் கதவு வைத்தோம், ஆறு நட்டுக் கழற்றத் தேவையில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று திறக்காமலே தெரியும். எலிவேட்டர் அடிப்பெட்டிக்கு ஒரு தள்ளு பலகைக் கதவு வைத்தோம், இழுத்தால் நெல் சாக்கில் கொட்டிவிடும். அரை மணித்தியாலத் தோண்டல் இப்போது ஐந்து நிமிடம் கூட இல்லை. என்னைக் கேட்டால் கூட்டை விட அந்தத் தள்ளு பலகைதான் பெரிய விஷயம், ஏனென்றால் இப்போது மோட்டரை நிற்பாட்ட ஒருவருக்கும் தயக்கம் இல்லை. நிற்பாட்டினால் மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டுத் திறப்பைச் சட்டைப் பையில் வைக்க வேண்டும் என்பதும் பழக்கமாகிக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு வியாழனும் "திரும்பப் பார்த்தது" பெட்டியோடு சுற்றுகிறேன். மிஸ், நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. நாலாவது கிழமை போனபோது கம்பிக் கதவைக் கயிற்றால் திறந்தபடி கட்டி வைத்திருந்தார்கள். முன்னர் என்றால் ஏசியிருப்பேன். ஏன் என்று கேட்டேன். கதவின் கொக்கி உமித் தூசியில் இறுகிவிட்டதாம், கை வலிக்கிறதாம். கொக்கியை மாற்றினோம், அதன் பிறகு இரண்டு வியாழன் பார்த்துவிட்டுத்தான் வரியை மூடினேன்.

விரல் போன தம்பி வேலைக்கு வந்துவிட்டான், மிஷினில் இல்லை, தராசில் நிற்கிறான். நட்டஈட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், ஓய்வுக்காரர் ஐயா சொன்ன ஆஸ்பத்திரிக் காட் அவன் உம்மாவின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. விபத்து அறிவித்தல் முதலில் அனுப்பப்படவில்லை, நான் கேட்ட பிறகுதான் போனது, பிந்தித்தான், ஆனால் போனது. போன கிழமை கொப்பியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது, அவன் எழுத்து: "மாடிப் படி, மேலிருந்து நாலாவது, இடது பக்கம் ஆடுகிறது, மூட்டையோடு இறங்கும்போது தெரியும்." போய்ப் பார்த்தேன், உண்மைதான், ஆணி இல்லை.

இப்போது கொப்பியில் நாற்பத்தொரு வரி, இருபத்தாறு மூடியது. மூடாததில் பெரியது நெல் அவிக்கிற பொயிலர். அழுத்தம் காட்டுகிற மானி காலையில் நெருப்பு மூட்ட முன்னரே சைபருக்கு வராமல் கொஞ்சம் மேலே நிற்கிறது. மூன்று காலை பார்த்து மூன்றையும் எழுதியிருக்கிறேன். சிறுபோக நெல் வர முன்னர் மானியை மாற்றி, பாதுகாப்பு வால்வையும் பார்க்க வேண்டும் என்று தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொயிலரில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அந்தத் தாளில் வேறு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முதலாளியிடம் கொடுக்கப் போகிறேன்.